ராயபுரத்தில் ஏறும் சரோ

என் அம்மாவுக்கு, அவர்களுடைய சரோவுக்கு,

இரண்டும் நீதான். இரண்டாவது பெயரை நீ போன மறுநாள்தான் முதல்முறையாகக் கேட்டேன். வீட்டில் உனக்குப் பெயர் இருந்ததாகவே நினைவில்லை. அப்பா 'இந்தா' என்பார். நான் 'அம்மா'. ரேஷன் கடையில் 'சரோஜா' என்று கூப்பிட்டால் நாம் இருவருமே கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்புவோம்.

சரோ. இரண்டே எழுத்து. எத்தனை வருஷமாக வைத்துப் புழங்கியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல்.

இரங்கல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு ஒன்று வருகிறது. மறைப்பானேன், அம்மா? பொறாமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாய். மடியில் கீரை. நெஞ்சு என்றார் டாக்டர். மறுநாள் காலையில் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே, எண்ணூர் ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு கூட்டம் பெண்கள் நம் தெருவுக்குள் நுழைந்தார்கள். எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய கோலம். தோளில் கைப்பை, கையில் டிபன் பை. ஒருத்தி மட்டும் மாலை வைத்திருந்தாள்.

அந்த மாலைக்காரிதான் முதலில் உன் காலடியில் விழுந்தாள். "சிரிக்க வெச்சே எங்களக் கொன்னுடுவியே சரோ. வண்டி வந்துகினு கீதுடி. எழுந்து வாடி."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். இந்தப் பெண்கள் வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். நம் வீட்டில் கிடத்தியிருந்தவள் யாரையும் சிரிக்க வைத்தவள் இல்லை. இரண்டு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்பவள்.

பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன், அக்கா நீங்கள் யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று. அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. "அய்ய, மும்தாஜு. இத்தப் பாரு. அப்டியே கீது."

கீழே இறங்கியிருந்த மூக்குக்கண்ணாடியை நான் அப்போது புறங்கையால் மேலே தள்ளினேன். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது.

பிறகு புரிந்தது. ராயபுரத்தில் ஆபீஸ் முடிந்து வரும் ரயிலில் நீ என்னைப் போல நடித்துக் காட்டுவாயாம். புறங்கையால் கண்ணாடியைத் தள்ளுவது, யாராவது பேசினால் புத்தகத்தில் விரலை நுழைத்துக்கொண்டு 'ம்?' என்பது, பதில் சொல்லிவிட்டு அதே வரிக்குப் போவது. அப்பா குளித்துவிட்டு வந்து துண்டைத் தேடுவது. உன் மேனேஜர் இங்கிலீஷில் கோபப்படுவது. கடைசியில் மறுபடியும் நான்.

ரயிலில் ஒரு பெட்டி முழுக்க என்னைத் தெரிந்தவர்கள். எனக்கு ஒருத்தியையும் தெரியாது.

*

பதினாறாம் நாள் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை பெயர்களைத் தெரிந்துகொண்டேன். மாலைக்காரி கஸ்தூரி அக்கா. துறைமுகத்தில் ஒரு கேன்டீனில் வேலை. கடற்கரை ஸ்டேஷனிலேயே ஏறி, பையும் துண்டும் போட்டு உங்கள் எல்லோருக்கும் இடம் பிடித்துவைப்பவள். மும்தாஜ் அக்கா ராயபுரத்தில் ரெடிமேடு தைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர். உன்னோடு பிளாட்பாரத்தில் காத்திருந்து, உன்னோடு ஏறி, திருவொற்றியூரில் இறங்குபவர். கஸ்தூரி அக்காவுக்குச் சத்தம் அதிகம். மும்தாஜ் அக்கா பேசும்போதும் கையில் ஏதாவது ஊக்கு, பொத்தான்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது கஸ்தூரி அக்கா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, தப்பா நென்ச்சிக்காத. கன்னியம்மா இன்னா ஆனா?"

எந்தக் கன்னியம்மா?

"அதான், மொத ரயில்ல ஏறுனாளே. வண்டி தண்ணி குடிக்க நின்னுது, கதவத் தொறந்தான்னு சொல்லி நிறுத்திட்டா உங்கம்மா. வெள்ளிக்கெழம. திங்கக்கெழம சொல்றேன், எம்பொண்ணாண்ட கேட்டுகினு வரேன்னா." வெற்றிலையை மடித்தாள். "உனுக்குத்தான் முடிவு தெரியும்னா."

மும்தாஜ் அக்கா அவளை அதட்டினார். சாவு வீட்டில் வந்து கதை கேட்கிறாயே என்று. கஸ்தூரி அக்கா விடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை, அழுகைக்கு நடுவில் கூட அதுதான் ஓடுகிறது என்றாள்.

எனக்கு எதுவும் தெரியாது. கன்னியம்மா யார் என்றே தெரியாது. சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. ஏனென்றால் அவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மா. உன் சிரிப்பு அவர்களிடம். உன் சுருக்கப் பெயர் அவர்களிடம். நீ பாடுவாயாம், அந்தப் பாட்டும் அவர்களிடம். அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று நீயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். விடுவேனா?

"நான் ரயில்ல வரேன்க்கா," என்றேன். "முதல்ல இருந்து நீங்க சொல்லுங்க. எங்க விட்டாங்கன்னு பார்த்துட்டு மீதிய சொல்றேன்."

*

ஆகவே ராயபுரம்.

பல்கலைக்கழகத்துக்கு நான் பஸ்ஸில்தான் போவேன், உனக்குத் தெரியும். உன் ரயில் எனக்கு ஒத்துவராத நேரம், உன் ஸ்டேஷன் எனக்கு வழியில்லாத இடம். இப்போது சாயங்காலம் நூலகத்திலிருந்து இறங்கி நேரே அங்கே போகிறேன். வழியில்லாத இடத்துக்கு வழி வந்துவிட்டது.

அந்தக் கட்டடத்தைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தெற்கே முதல் ஸ்டேஷன். 1856. இங்கிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா வரைக்கும் முதல் வண்டி. கவர்னர், விருந்தாளிகள், விருந்து. பிறகு சென்ட்ரல் வந்தது, எழும்பூர் வந்தது, எல்லா வண்டிகளும் அங்கே போய்விட்டன. ராயபுரத்துக்குச் சரக்கும் புறாக்களும் மிச்சம். மூத்தவள் வாசலில் உட்கார்ந்திருக்க, இளையவள் வீட்டில் கல்யாணக் கூட்டம். எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அதற்கும் என்னைப் போலவே வயிற்றெரிச்சல் இருக்க வேண்டும்.

இப்போது சாரம் கட்டியிருக்கிறார்கள், அம்மா. நீ பார்த்த சுவர் இல்லை. காரை உதிர்ந்த இடத்தையெல்லாம் பூசி, சிவப்பு அடிக்கிறார்கள். தூண்களுக்கு வெள்ளை. பெரிய மனிதர்கள் வந்து திறக்கப் போகிறார்களாம். நாய்களை விரட்டிவிட்டார்கள். உங்கள் பிளாட்பாரம் அதே மாதிரிதான் இருக்கிறது. கட்டடத்துக்கு வந்த சுண்ணாம்பு பிளாட்பாரத்துக்கு வரவில்லை.

நீ உட்காரும் பெஞ்சை மும்தாஜ் அக்கா காட்டினார். அங்கிருந்து அந்தத் தூண்கள் தெரிகின்றன. மழைக்காலத்தில் வண்டி தாமதமானால் நீங்கள் இருவரும் அங்கேயே டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பீர்களாம். தாமதமான நாட்களில் நான் வீட்டில் பசியோடு உன் மேல் கோபமாக இருந்திருப்பேன். நீ வந்து செருப்பைக் கழற்றி, ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைப்பாய்.

அந்த நேரங்களில் நீ சந்தோஷமாக வந்துகொண்டிருந்தாயா?

முதல் நாள் வண்டியில் ஏறினால், ஜன்னலோரம் ஓர் இடம் காலி. கூட்டம் பிதுங்குகிறது, அந்த இடம் மட்டும் காலி. இருக்கையில் ஒரு முழம் கனகாம்பரம். வண்ணாரப்பேட்டையில் ஏறிய ஒரு புதுப் பெண், பிள்ளைத்தாய்ச்சி, மூச்சு வாங்கிக்கொண்டு, பூவை ஒதுக்கிவிட்டு அங்கே உட்கார்ந்துவிட்டாள். கஸ்தூரி அக்கா எழுந்தாள்.

"இன்னாம்மா, பூ வெச்சிருக்கறது கண்ணு தெர்ல?"

அந்தப் பெண்ணும் சளைக்கவில்லை. ரயில் உங்க அப்பன் வூட்டுதா என்று கேட்டாள். எங்க சரோ வூட்டுது என்றாள் கஸ்தூரி அக்கா. அப்புறம் தண்டையார்பேட்டை வரைக்கும் சண்டை. கடைசியில் ஆள் செத்துப்போன இடம் என்று தெரிந்ததும் அந்தப் பெண் தானாகவே எழுந்து, பூவை எடுத்துப் பழையபடி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கஸ்தூரி அக்கா நின்றுகொண்டு வந்தாள்.

என்னை அங்கே உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. வீட்டில் உன் பாயை மறுநாளே சுருட்டிக் கட்டிவிட்டோம். இங்கே இவர்கள் உன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் போய் நான் எப்படி உட்கார?

*

கதையைச் சொன்னார்கள்.

ஒருத்தி தொடங்கினால் இன்னொருத்தி பிடுங்கிக்கொள்வாள். கீரை ஆய்ந்துகொண்டே, பூ கட்டிக்கொண்டே, செல்போன் அடித்தால் 'அப்பால பேசு' என்று வைத்துவிட்டு. பல சாயங்காலங்கள். நான் என் ஆய்வுக்குக்கூட இப்படிக் கேட்டதில்லை.

கன்னியம்மா அந்த ஸ்டேஷன் கட்டும்போது சித்தாள். சுண்ணாம்பு அரைத்துத் தலையில் தூக்கியவள். அவளுடைய அக்காவை ஆற்காட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. நடந்துபோக நாட்கணக்கு ஆகும் என்பதால் கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கவில்லை. இந்தத் தூண் எழுந்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் ஒரே நாளில் அக்கா வீடு என்று மேஸ்திரி விளையாட்டுக்குச் சொல்கிறான். அவள் அதை நம்பிச் சுண்ணாம்பு சுமக்கிறாள். தூண் எழுகிறது. வண்டி வருகிறது. அன்றைக்குப் பார்த்து, அழைப்பு உள்ளவர்கள் மட்டும் என்று வாசலில் ஆளை நிறுத்திவிடுகிறார்கள்.

இதுவரைக்கும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அவள் எப்படி ஏறினாள் என்பதில்தான் தகராறு.

வாசலில் நின்றவனை ஓர் அறை விட்டுவிட்டு ஏறினாள் என்றாள் கஸ்தூரி அக்கா. தானே பக்கத்தில் நின்று பார்த்தது போலக் கையை ஓங்கிக் காட்டினாள். இல்லை, துரைசானியின் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, கன்னியம்மா வாங்கித் தோளில் போட்டதும் அழுகை நின்றது, குழந்தையோடு குழந்தையாக உள்ளே போய்விட்டாள் என்றார் மும்தாஜ் அக்கா. எண்ணூரில் என்னோடு இறங்கும் ஒரு நர்ஸம்மா, பூக்கூடைக்காரர்களோடு சேர்ந்து நுழைந்தாள் என்றார். மூவருமே உன் வாயால் கேட்டதாகச் சத்தியம் செய்தார்கள்.

"அய்ய, அடிச்சிட்டு ஏற்னானு என்னாண்ட சொல்லிச்சுடீ."

"உன்னாண்ட அப்டித்தான் சொல்லும். நீ அடிக்கற ஆளு."

பெட்டியே சிரித்தது. எனக்கு மட்டும் வரவில்லை. ஆள் பார்த்து, அவரவர்க்குப் பிடித்த மாதிரி நெய்து கொடுத்திருக்கிறாய். கஸ்தூரிக்கு ஓர் அறை. பிள்ளை இல்லாத மும்தாஜுக்கு ஒரு குழந்தை. எனக்கு எதைக் கொடுத்திருப்பாய்? நான் எப்படி ஏறியிருக்க வேண்டும் என்று நீ யோசித்திருக்கிறாயா?

ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அவர்கள் ஒரு வரி சொன்னார்கள். 'சரோ பொண்ணு சொன்னாப்பல.' உன் வழக்கமாம். 'எம்பொண்ணு சொல்லிச்சு' என்று தொடங்காமல் நீ கதையை எடுப்பதே இல்லையாம். யூனிவர்சிட்டியில் படிக்கிறது, பெரிய பெரிய புத்தகத்தில் இருக்கிறது, அது படித்துவிட்டு ராத்திரி சாப்பிடும்போது எனக்குச் சொல்கிறது என்பாயாம்.

ராத்திரி சாப்பிடும்போது நாம் டிவி பார்த்தோம், அம்மா.

ஒரே ஒரு தடவை. நினைவிருக்கிறதா? ராயபுரம் ஸ்டேஷன் பற்றி ஒரு பக்கம் படித்துவிட்டு, உன் ஸ்டேஷன்தான் முதல் ஸ்டேஷன் தெரியுமா என்று கேட்டேன். முதல் வண்டியில் யார் யார் போனார்கள் என்று சொன்னேன். நீ தோசைக்கரண்டியோடு நின்று கேட்டாய். பிறகு கேட்டாய், அந்த வண்டியில் பொம்பளைங்க யாராவது போனாங்களா, நம்மள மாதிரி. அதெல்லாம் எழுதிவைக்கலம்மா என்றேன். நீ ம் என்றாய். தோசை தீய்ந்தது.

நான் சொன்னது அவ்வளவுதான். அந்த 'எழுதிவைக்கல'வை எடுத்துக்கொண்டு போய் நீ அதில் ஓர் ஆளை ஏற்றியிருக்கிறாய்.

நூலகத்தில் தேடினேன். சும்மா ஒரு ஆசை. தூண்களின் அழகு பற்றி இருக்கிறது. கூரை பற்றி இருக்கிறது. விருந்தில் யார் பேசினார்கள் என்று இருக்கிறது. சுண்ணாம்பு சுமந்தவள் இல்லை. மூன்று வருஷமாக நிலவரி, நிலவரி என்று படிக்கிறேன். இந்த ஸ்டேஷனின் சரித்திரத்தைப் பற்றி உனக்கு வந்த கேள்வி எனக்கு வரவில்லை. அதிலும் எனக்கு உன் மேல் பொறாமை. வரிசையாக எல்லோர் மேலும் பட்டுவிட்டு இப்போது உன்னிடமே வந்து நிற்கிறேன்.

*

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பூஜையன்று ஆபீஸ் கிடையாது என்பதால் ரயிலுக்கு முந்தின நாளே பூஜை, நீ அறிவாய். நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு ராத்திரி நீ வீட்டுக்குக் கொண்டுவரும் பொரி கடலையை மட்டும் தின்றிருக்கிறேன். ஏது பொரி என்று கேட்டதில்லை.

கடற்கரையிலேயே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கதவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கைப்பிடிகளில் மாவிலை. மேலே வண்ணக் காகிதம். வண்டி ராயபுரத்துக்கு வந்தபோது கல்யாண வீடு ஒன்று நகர்ந்து வருவது போல இருந்தது. எஞ்சின் பக்கம் ஓடிப்போய் டிரைவருக்கு மாலை போட்டு, கையில் சுண்டல் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். சாரத்தில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மும்தாஜ் அக்காதான் பொரியைப் பொட்டலம் கட்டினார். சந்தனக் கிண்ணம் நர்ஸம்மாவிடம். உன் இடத்தில் ஒரு பெரிய பொட்டலமும் பூவும் வைத்தார்கள். எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் கஸ்தூரி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"நாங்க சொல்றதெல்லாம் சொல்லிட்டோம். தண்ணி குடிக்க நின்னுது. கதவத் தொறந்தா. இப்ப நீ சொல்லு. எங்க எறங்கனா?"

எனக்குத் தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணும் இருந்தாள்.

நான் தயாரித்து வைத்திருந்தேன், அம்மா. உண்மையாகவே. ராத்திரிகளில் யோசித்து நான்கைந்து முடிவுகள் வைத்திருந்தேன். அக்காவைப் பார்த்தாள், பார்க்கவில்லை, திருவள்ளூரில் பிடித்து இறக்கிவிட்டார்கள். படித்தவள் எழுதும் முடிவுகள். ஒன்றைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். உன் கதையின் கடைசிப் பகுதி என்னுடையது ஆகியிருக்கும். அவர்கள் யாருக்கும் கிடைக்காதது.

வாயைத் திறந்தேன். கன்னியம்மா, என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் கையில் கூடை இருந்ததா, குழந்தை இருந்ததா? எனக்கு அவளைத் தெரியவில்லை. உன் குரலில் நான் ஒரு வரிகூடக் கேட்டதில்லையே.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றேன். "நான் எதுவும் சொல்லல. புஸ்தகத்துல அப்படி யாரும் இல்ல. எல்லாம் அம்மாவே கட்டினது. என் பேரச் சொல்லி உங்களை ஏமாத்தியிருக்காங்க."

ஏமாற்றிவிட்டாய் என்று ஏன் சொன்னேன்? சொல்லும்போதே தெரிந்தது, எதையோ உடைக்கப் பார்க்கிறேன் என்று. உன்னை அவர்களிடமிருந்து கொஞ்சமாவது பிடுங்கிவிட வேண்டும். உங்கள் சரோ பொய்க்காரி. இப்போதாவது கொடுத்துவிடுங்கள்.

யாரும் அதிர்ந்துபோகவில்லை. கஸ்தூரி அக்கா மும்தாஜ் அக்காவைப் பார்த்தாள். மும்தாஜ் அக்கா பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்துப் பல்லால் நூலைக் கடித்துவிட்டுத்தான் பேசினார்.

"தெரியும் கண்ணு. மொத நாளே தெரியும். எந்த புஸ்தகத்துல, சித்தாளு வாசல்காரன அறைஞ்சது வரும்?"

"அப்புறம் ஏன்க்கா நம்பற மாதிரி..."

"எம்பொண்ணு சொல்லிச்சுன்னு ஆரம்பிக்கும் பாரு. அப்ப அது மூஞ்சி ஒரு மாரி ஆவும். லைட்டு போட்டாப்பல. அதப் பாக்கறதுக்காவ கேட்டுகினு இருந்தோம். எங்க யாரப் பத்திப் பேசும்போதும் அது வந்ததில்ல."

கஸ்தூரி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி தனக்கே சொல்வது போல, "எனுக்கு வவுறு எரியும்," என்றாள். "எம்புள்ளயும் படிக்குது. எனுக்கு அப்டி வராது."

அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை இதுதானா, அந்தத் திங்கட்கிழமையிலிருந்து? நான் அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

திருவொற்றியூர் வந்தது. மும்தாஜ் அக்கா இறங்கும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். கை சந்தனமும் எண்ணெயுமாக இருந்தது. கதவில் கட்டிய வாழை இலை காற்றில் கிழிந்து படபடத்தது. கஸ்தூரி அக்கா உன் இடத்திலிருந்த பெரிய பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"சரி. தெர்லனா தெர்ல. லீவு முடிஞ்சு வா. வரும்போது கேட்டுகினு வா."

யாரைக் கேட்பது என்று நான் கேட்கவில்லை. எண்ணூரில் இறங்கினேன். அனல் மின்நிலையத்துச் சாம்பல் வாடை. வீட்டில் அப்பா வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். தட்டில் பொரியைக் கொட்டி நடுவில் வைத்தேன். இது எங்கிருந்து வரும் தெரியுமா என்று அப்பாவைக் கேட்டேன். உங்கம்மா ஆபீஸில் கொடுப்பார்கள் என்றார். இல்லை என்று தொடங்கி அவருக்குச் சொன்னேன். மாலை வாங்கிய டிரைவரை. நீ என்னை நடித்துக் காட்டியதை. உன் பெயரை. அவர் பொரியை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "என்னையும் நடிச்சுக் காட்டுவாளாமா?" என்றார். துண்டு தேடுவதைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பொறாமைப்பட இப்போது அவர் முறை, அம்மா. விட்டுவிட்டேன்.

*

இதோ, கேட்டுக்கொண்டு வரச் சொன்னதால் கேட்கிறேன். எங்கே இறங்கினாள்?

பதில் வராது என்று தெரியும். நான் படித்தவள். வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் ஏறுவேன். வண்டி தண்ணீர் குடித்து முடிக்க இன்னும் சில நாள் ஆகும். கன்னியம்மா கதவைத் திறந்தவள் உடனே இறங்க மாட்டாள், முதலில் வெளியே எட்டிப் பார்ப்பாள், அங்கே என்ன இருக்கிறது என்று நான் அவர்களுக்குச் சொல்வேன். கஸ்தூரி அக்காவுக்கு ஒரு மாதிரி, மும்தாஜ் அக்காவுக்கு ஒரு மாதிரி. அக்கா வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். அவசரப்பட மாட்டேன். இது உறுதி.

ஒவ்வொரு நாளும் 'எங்கம்மா சொன்னாங்க' என்று தொடங்குவேன்.

அப்போது என் முகம் எப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அவர்கள் பார்ப்பார்கள். உன் முகத்தையும் அவர்கள்தான் பார்த்தார்கள். இரண்டையும் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருப்பார்கள்.

எப்படித் தாங்குவது, சொல்.

உன் ஒரே மகள்